நின்ற இடத்தில் ஓடிய வண்டி

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். நல்ல பனி. பல் துலக்கி, கொல்லைத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, டீ குடித்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருக்கிறது. போலகத்தில் அந்த வரிசையில் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. அதற்குப் பிறகு வாய்க்கால், அப்புறம் வயல்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை விடுமுறை. ஐந்து நாள் பிறர் கோப்புகளை ஒழுங்காக வைத்துவிட்டு, ஆறாவது நாள் அண்ணனின் ஜீப்பை ஒழுங்காக வைப்பேன். அண்ணன் போன ஆவணியில் இறந்துவிட்டார். களத்து மேட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன்.

கருமாதி முடிந்த வாரம், வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் சொன்னார்: “வாரத்துக்கு ஒருக்கா பத்து நிமிஷம் ஓடவிடுங்க சார். இல்லன்னா பேட்டரி உக்காந்துரும், டீசல் பம்பு புடிச்சுக்கும்.” அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் நான் தவறவில்லை. கொட்டகைக்குள் போவேன். தார்ப்பாயை மடித்து வைப்பேன். ரேடியேட்டரில் தண்ணீர், இன்ஜினில் ஆயில், இரண்டையும் பார்ப்பேன். பழந்துணியால் முகப்பைத் துடைப்பேன். சாவியைத் திருகி, ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து, ஸ்டார்ட் செய்வேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் செய்யத் தெரியும், நிறுத்தத் தெரியும். நடுவில் இருக்கிற எதுவும் தெரியாது. கொட்டகை முழுக்கப் புகை சூழ, அந்தத் தடதட சத்தத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடம் அண்ணன் ஊரில் இருப்பது போல இருக்கும்.

அந்த நேரத்தில் அண்ணி வீட்டில் இருக்க மாட்டார். சனிக்கிழமை விடிந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவார். அண்ணன் போன பிறகு எடுத்துக்கொண்ட விரதம் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமையும் பெருமாளும் சேர்ந்தால் வேறு என்னவாக இருக்க முடியும்? என் மனைவிகூட மார்கழியிலிருந்து வெள்ளிக்கிழமை மாலையே துளசி பறித்து ஈரத்துணியில் சுற்றி அண்ணியிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றும் அண்ணி போயிருந்தார். ஆனால் அண்ணன் மகள் வீட்டில் இருந்தாள். முதல் நாள் இரவுதான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்திருந்தாள். இன்ஜின் சத்தத்தில் எழுந்து, தலையை முடிந்தபடி கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள்.

“சித்தப்பா, ஊரையே எழுப்பிட்டீங்க. பட்டினத்துல மீன் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போயிருக்கும்.”

“பத்து நிமிஷம்தாம்மா.”

“நல்லா துடைங்க. திங்கக்கிழமை இதப் பாக்க ஷோரூம்லேந்து ஆள் வருது. மாப்பிள்ளை மாதிரி இருக்கணும்.”

விஷயம் அதுதான். ஜீப்பைப் பழைய வண்டியாகக் கொடுத்து, அதே கம்பெனியின் புது வண்டியை வாங்கலாம் என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இது போய்விட்டால் அம்மாவும் இந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே உட்கார மாட்டார் என்பது அவள் கணக்கு. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணி இந்த ஆறு மாதத்தில் பாதியாகிவிட்டார். மத்தியானத்தில் அந்த வீட்டில் தங்குவதே இல்லை. எங்கள் வீட்டுக்கு வருவார், அல்லது வாய்க்கால் ஓரம் போய் நிற்பார். வீட்டில் இருந்தால் யாரும் பார்க்காமல் டிவி ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரியும் அது அணைவதில்லை. “அம்மா இப்படியே இருந்தா நான் எப்புடி சித்தப்பா அங்க வேல பாக்கறது?” என்று மகள் போனில் இரண்டு தடவை அழுதிருக்கிறாள்.

ஜீப் இப்போது அண்ணி பேரில் இருந்தது. அவர் சரி என்றால் போகும், வேண்டாம் என்றால் இருக்கும். கேட்டபோதெல்லாம் “பாக்கலாம்” என்றார். போகக் கூடாது என்பது என் விருப்பம். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அதனால்தான் வாரா வாரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு நாகப்பட்டினம் ஷோரூமுக்குக் கிளம்பினோம். ஜீப்பிலேயே போனால் அவர்களே பார்த்து விலை சொல்லிவிடுவார்கள் என்றாள் மகள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே, “பஸ்ல போவோம்,” என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் எனக்கும் மகளுக்கும் ஒரே சீட். அண்ணி முன்னால் ஜன்னல் ஓரம். நான் நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“ஏம்மா, நம்ம ஜீப்பு மாதிரியே ஒரு வண்டி புதுசா கெடச்சா வாங்கிடலாமே. இரும்பு பம்பர், தார்ப்பாய்க் கூரை, பின்னாடி ரெண்டு பெஞ்சு. அத செய்யறத ஏன் நிறுத்துனாங்க? நல்லாத்தானே ஓடிச்சு?”

“நல்லா ஓடினதுதான் சித்தப்பா குத்தம்,” என்றாள்.

கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மூடிய காருக்குள் மைக் வைத்து, வெளிச்சத்தம் எந்த இடுக்கு வழியாக உள்ளே வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். “எம்பொண்ணு சத்தத்தத் தொரத்தி சம்பளம் வாங்குது,” என்று அண்ணன் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

“அப்பா இந்த வண்டிய வாங்கி எத்தன வருஷம் வச்சிருந்தாரு? அதுக்கப்புறம் கம்பெனிக்கு ஒரு ரூபா குடுத்திருப்பாரா? பெல்ட்டு போனா காரைக்கால்ல வாங்குவாரு. ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சா விழிதியூர்ல வெல்டிங் வைப்பாரு. சர்வீஸுக்கு ஒரு தடவ போயிருப்பாரா?”

“எதுக்குப் போவணும்? கட்டவண்டியாட்டம் சிம்பிளா இருந்துச்சு. அவரே பிரிச்சுப் போட்டுடுவாரு.”

“அதான் சொல்றேன். வேலைக்கு வாங்கறவன் ஒரு தடவதான் வாங்குவான். ஆசைக்கு வாங்கறவன் நாலு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துவான், வருஷா வருஷம் சர்வீஸுக்கு வந்து கையெழுத்துப் போடுவான். நீங்க கம்பெனி நடத்துனா யாருக்குச் செய்வீங்க?”

அவளே தொடர்ந்தாள். புகைக்கு ஒரு விதி வந்தது, மோதினால் ஆள் பிழைக்க வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் தார்ப்பாய் வண்டிக்கும் அதே கருவிகளைத்தான் மாட்ட வேண்டும். மாட்டினால் விலை ஏறும். ஏறின விலையில் நாற்றுக்கட்டு ஏற்றுகிறவர் வாங்க மாட்டார், வாங்க முடிந்தவர் ஏசி கேட்பார். ஏசி போட்டால் கூரை வேண்டும். கூரை போட்டால் உள்ளே சத்தம் அதிரும்.

“அங்கதான் நான் வர்றேன்,” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “மூட்டை ஏத்தச் சின்ன யானை வண்டி வந்துடுச்சு, சேத்துல இழுக்க டிராக்டர் இருக்கு, ஆள் ஏத்த ஷேர் ஆட்டோ. மூணையும் செஞ்ச வண்டிக்கு எந்தக் கணக்குலயும் இடம் இல்ல.”

முன் சீட்டில் அண்ணி திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்து அசையாமல் இருந்த விதத்தில் தெரிந்தது.

அண்ணனின் ஜீப் எங்களுக்கு என்ன செய்தது என்று நான் அப்போது நினைத்துப் பார்த்தேன். குறுவைக்கு நாற்று ஏற்றியது. அறுவடை மிஷின் சேற்றில் உட்கார்ந்தால் சங்கிலி போட்டு இழுத்தது. பட்டினம் என்று நாங்கள் சொல்லும் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரை மணலில் ஐஸ் பெட்டியையும் வலையையும் படகு வரை கொண்டுபோனது. மணலில் மற்ற வண்டிகள் புதையும், இது கியருக்குப் பக்கத்திலுள்ள சிறிய கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்ததும் நண்டு மாதிரி ஊர்ந்து போய்விடும். ஐப்பசி மழையில் சாலை முங்கின ஒரு நாள் என் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனதும் அதுதான். முங்கின சாலையில் பானட்டுக்கு முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிளந்து போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டியின் எந்தப் பக்கமும் கதவு இல்லை. அவள் காலடியில் தண்ணீர் ஓடியது.

ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் புது வண்டி நின்றது. நீல நிறம்.

அதைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். அதே முகம். அதே வட்ட விளக்குகள், நடுவில் அதே நெட்டுக்குத்தான பட்டைகள், அதே உப்பின தோள்கள். சில மாதங்களுக்கு முன் காரைக்கால் பஸ் நிலையத்தில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பச்சைக் கட்டம் போட்ட சட்டை, காலர் ஓரத்தில் வேறு நூலில் போட்ட தையல். அண்ணனின் சட்டை. கருமாதிக்குப் பிறகு நாங்களே கொடுத்த துணிகளில் ஒன்று. அவர் திரும்பியபோது அது அண்ணன் முகம் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் அந்தத் திரும்பலுக்காகக் காத்திருந்தேன். ஷோரூம் வாசலிலும் அப்படித்தான் நின்றேன்.

டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். மகள் வயதுதான் இருக்கும். ரொம்ப மரியாதை. அண்ணிக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினார். காற்று வரும் சீட், பாட்டு, கையகலத் திரை. வண்டி எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அந்தத் திரையில் ஒரு சின்ன மலையும் சின்ன வண்டியும் தெரிந்தன.

“மலையே இல்லாத ஊருக்கு மலை எதுக்குங்க?” என்று மகள் சீண்டினாள்.

“ஒரு கெத்துதான் மேடம்,” என்றார் அவரும் சிரித்துக்கொண்டே.

அண்ணி பின்கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். “இதுல மூட்டை வைக்கலாமா?”

“மூட்டையாம்மா?”

“வித மூட்டை. ஐஸ் பொட்டி.”

“வைக்கலாம்மா… ஆனா கீழ கார்ப்பெட்டு இருக்கு. ஐஸ்னா ஈரம் படும், வாடை போகாது.” அவர் தயங்கிவிட்டு, “இத வாங்கறவங்க யாரும் அதெல்லாம் வைக்க மாட்டாங்கம்மா,” என்றார்.

நான் கியர் பக்கம் குனிந்து அந்தச் சிறிய கம்பியைத் தேடினேன். இல்லை. “நாலு சக்கரமும் இழுக்கறது எங்கங்க?”

“இது பின் சக்கரம் மட்டும் இழுக்கற மாடல் சார். பாக்க ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசமே தெரியாது. நம்ம பக்கம் இதத்தான் நிறைய பேர் எடுக்கறாங்க.”

வெளியே பார்த்தால் சேற்றுக்கும் மணலுக்கும் பிறந்த வண்டி. உள்ளே அந்த எலும்பே இல்லை. சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தார்கள். அதில் இதே வண்டி ஆற்றுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது, இருபுறமும் தண்ணீர் பிளந்து நின்றது. அந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும். எங்கள் சாலையில் ஓடின தண்ணீர் அது. அதில் பயந்துகொண்டு போனவர்களை எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் சுவரில் மாட்டியிருந்தார்கள். வேலையைக் கைவிட்ட கம்பெனி, வேலை செய்த முகத்தை மட்டும் கைவிடவில்லை. அதற்குத்தான் இப்போது விலை.

“ஓட்டிப் பாக்கலாமே மேடம்,” என்றார் விற்பனையாளர். ஓட்டிப்பார்ப்பதற்கென்று வெளியே நின்ற டீசல் வண்டியை மகள் எடுத்தாள். அவர் அவள் பக்கத்தில், நானும் அண்ணியும் பின்னால். கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அறுந்து போன மாதிரி இருந்தது. நாகூர்ச் சாலையில் லாரி ஒன்று எங்களை ஒட்டிக் கடந்தது. அதன் வாய் அசைந்தது போல இருந்ததே தவிர ஹாரன் சரியாகக் கேட்கவில்லை. மகள் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். “எப்படிம்மா?”

“கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கு,” என்றார் அண்ணி.

ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில் வரவேண்டும். மகள் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். ஒரு மூச்சு நேரம். பிறகு இன்ஜின் தானாக நின்றது.

அண்ணி என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டதே கிடையாது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

“என்னாச்சு? ஏன் நின்னுச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, அதுவா நிக்கும்,” என்றாள் மகள்.

விற்பனையாளர் திரும்பி, “டீசல் மிச்சம் பண்றதுக்கும்மா. நின்னா தானா ஆஃப் ஆயிடும். பிரேக்க விட்டா தானா…” என்று சொல்லி முடிப்பதற்குள் அண்ணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சாலை ஓரம் வேகமாக நடந்தார். நானும் இறங்கி ஓடினேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். அது போய் முடியும் வரை பேச முடியவில்லை. அண்ணி அந்தச் சத்தத்தை மேலே வாங்கிக்கொள்வது போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றார். ரயில் போன பிறகு உட்கார்ந்தார்.

“அன்னைக்கும் அப்புடித்தான் நின்னுச்சு தம்பி,” என்றார்.

அவராகவே சொன்னார். அன்றுவரை அவர் யாரிடமும் சொல்லாதது.

“சாப்புட்டுட்டு களத்து மேட்டுக்குப் போனாங்க. அங்க வண்டிய நிறுத்துனா இன்ஜின அணைக்க மாட்டாங்க, ஒங்களுக்கே தெரியும். அணைச்சு அணைச்சு எடுத்தா செலவும்பாங்க. ஓடிக்கிட்டே இருக்கும், இவங்க யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. அன்னைக்கு மத்தியானம் பூரா அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் அரிசி பொடச்சேன். துணி மடிச்சேன். நல்லாத்தான் இருந்தேன் தம்பி. இருக்காங்க, அங்கதான் இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டே எல்லா வேலையும் செஞ்சேன். பாட்டுகூடப் பாடுனேன்னு வச்சுக்குங்களேன்.”

டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

“பொழுது சாயறப்ப சத்தம் நின்னுச்சு. சரி, அணைச்சுட்டாங்க, வாய்க்கால் பலகைல நடந்து வர்றாங்கன்னு பால அடுப்புல வச்சேன். பால் பொங்கிச்சு. டீ போட்டேன். ஆத்தி வச்சேன். ஆறிப்போச்சுன்னு திரும்பவும் சூடு பண்ணேன்.” டம்ளரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “டீசல் தீந்து நின்னுருக்கு. அவங்க சாப்புட்டுப் போன கொஞ்ச நேரத்துலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அம்புட்டு நேரமும் நான் எதக் கேட்டுக்கிட்டு இருந்தேன்?”

அதற்குள் மகள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்திருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. “அப்ப சனிக்கிழமை… நான் ஸ்டார்ட் பண்றப்ப…”

“அந்தச் சத்தமேதான். வண்டி அசையாது. சத்தம் மட்டும் வரும்.” அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கோயில் கொளத்துப் படியில போய் ஒக்காந்துக்குவேன். அங்கயும் கேக்கும். நீங்க நிறுத்தறப்பதான் ரொம்ப மோசம். நிறுத்துனதும் கை தன்னால அடுப்பத் தேடும்.”

“சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“எப்புடிச் சொல்றது? ஒங்க அண்ணனுக்குச் செய்யற மாதிரி செய்யறீங்க. அதப் போயி வேணாம்னு நான் எந்த வாயால சொல்றது?” என்றவர், சற்றுப் பொறுத்து, “ஒங்க வீட்டுக்காரவங்க வேற துளசி குடுத்து விடறாங்க,” என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அழுகையில்தான் முடிந்தது.

மகள் அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். “திங்கக்கிழமையே குடுத்துடலாம்மா. கண்ணுலயே படாது. நான் பாத்துக்கறேன்.”

விற்பனையாளர் சற்றுத் தள்ளி, என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவரைக் கூப்பிட்டார். “தம்பி, பழைய வண்டிய வாங்கி என்ன பண்ணுவீங்க?”

“கண்டிஷனப் பொறுத்துதாம்மா. அவ்வளவு பழசுன்னா… பெரும்பாலும் ஒடச்சிடுவாங்க.”

அண்ணி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்து வண்டிகள் எல்லாம் போய் முடிந்துவிட்டன.

“ஒடச்சா அந்தச் சத்தம் நிக்குமா?” என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. “வண்டி ஓடிப்போற சத்தம் எனக்குப் பழக்கந்தான். பட்டினத்துக்குப் போற சத்தம் தெரியும், ஏத்தத்துல ஏறுற சத்தம் தெரியும், லோடு எறக்கிட்டு வெறும் வண்டியா வர்ற சத்தம் வேற மாதிரி இருக்கும், அதும் தெரியும். அதெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணல. நின்ன எடத்துலயே ஓடுச்சு பாருங்க, அதான். நான் கடைசியா கேட்டது அது ஒண்ணுதான். அதுக்கு மேல வேற சத்தம் ஒண்ணு கேட்டாகணும் எனக்கு.”

பிறகு மகளைப் பார்த்தார். “நாளைக்கு நீ இருக்கல்ல? ஓட்டுவல்ல அத?”

“ஓட்டுவேன்.”

“எங்கயாவது போ. எங்கன்னாலும் சரி. போயிட்டு வா.”

விற்பனையாளரிடம் மகள் மன்னிப்புக் கேட்டாள். வண்டி பிடித்திருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்றாள். பொய் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில், “அந்த நீலம் எனக்குப் புடிச்சுதான் இருக்கு சித்தப்பா,” என்றாள். “அந்த மூஞ்சிக்காகத்தான் எனக்கு அது வேணும். எல்லாரும் அதுக்குத்தான வாங்கறாங்க. யாருக்காவது அப்பா ஒருத்தர் இருந்திருப்பாரு, இந்த மாதிரி ஒரு வண்டியோட.” பிறகு, “ஆனா நான் ஆபீஸ்ல அளந்து அளந்து வெளிய தள்ளறது அப்பாவத்தான்னு இன்னைக்குத்தான் தோணுச்சு,” என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாஞ்சூர் எல்லையில் நாலைந்து பெரிய கார்கள் விலை குறைவு என்று நம் புதுச்சேரிப் பக்கத்துப் பங்க்கில் டீசல் போட வரிசையில் நின்றன. எல்லாமே மலையேறுவதற்குச் செய்தவை போலத் தோள் உயர்ந்தவை. ஒன்றில்கூடச் சேறு இல்லை. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.

சாயங்காலம் பட்டினத்துப் படகுக்காரர் ஒருவருக்கு மகள் போன் செய்தாள். அண்ணன் இருந்தவரை அவருடைய ஐஸ் லோடு எல்லாம் இந்த ஜீப்பில்தான் போகும். அதன் பிறகு தலைச்சுமைதான். காலையில் வண்டி வரும் என்றதும் அவர் “யாரும்மா ஓட்டறது?” என்று மட்டும் கேட்டாராம்.

அண்ணி அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். நான் வழக்கம்போல நாட்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். முந்தின சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் ஒரே வரி இருக்கிறது: வண்டி ஸ்டார்ட் செய்தேன், நன்றாக ஓடியது. அன்றைக்கும் காலையில் செய்ததுதான். எழுத வரவில்லை. வேலியைத் தாண்டி அந்தக் கொட்டகை இருட்டாகத் தெரிந்தது. ஆறு மாதம் நான் அங்கே எதை உயிரோடு வைத்திருந்தேன் என்று நினைத்தபடி நாட்குறிப்பை மூடினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், பல்கூடத் துலக்காமல் கொட்டகைக்குப் போனேன். அண்ணியும் மகளும் முன்பே வந்து தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். ஓட்டுநர் சீட் அண்ணன் வைத்த இடத்திலேயே துருப்பிடித்து இறுகிவிட்டது, நகரவில்லை. மகளுக்கு மிதி எட்டவில்லை. ஒரு சாக்கை நாலாக மடித்து முதுகுக்குக் கொடுத்தோம். அவள் சாவியைத் திருகப் போனபோது அண்ணி கையை நீட்டித் தடுத்தார்.

“இங்க வேணாம். நின்ன எடத்துல வேணாம்.”

அதனால் முதல் வேலையாகத் தள்ளினோம். நான் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம், பின்பலகையில் தோளைக் கொடுத்து. கனத்த வண்டி. முதலில் அசையவே இல்லை. பிறகு பனி ஈரத்தில் சக்கரம் கொட்டகை மண்ணை விட்டு உருண்டது. தெருவில் இறக்கம் வந்ததும் வேகம் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். அண்ணி புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “விடு, இப்ப விடு!” என்று கத்தினார். மகள் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது; உருண்டுகொண்டிருக்கும்போதே இன்ஜின் பிடித்துக்கொண்டது.